பகலில் படுக்கிறவர்

மாலை ஐந்து மணி. ஐந்து மணிதானே என்று நினைக்காதீர்கள். குளிர்காலத்தில் அந்த ஊரில் நாலு மணிக்கே இருட்டிவிடும். பஸ்ஸை விட்டு இறங்கினால் நீளமாக ஒரே சாலை... இரண்டு பக்கமும் கிடங்குகள், இரும்புக் கதவுகளை இழுத்து மூடியிருப்பார்கள். ஒரு விளக்கு எரியும், அடுத்தது எரியாது. அந்தச் சாலையில் தன் காலடிச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்த்துக்கொண்டு தினமும் நடந்தவன், நம் சித்தப்பாவின் கூட்டாளி ஒருவருடைய தங்கை மகன். மேல்படிப்புக்காக வெளிநாடு போனவன். கதவைச் சாத்திவிட்டு உட்காருங்கள், சொல்கிறேன்.

போன புதிதில் அவனுக்கு அறை கிடைக்கவில்லை. சீனியர் ஒருவன் வீட்டுச் சமையலறையில், ஃபிரிட்ஜ் உறுமுவதைக் கேட்டபடி தரையில் கிடந்தான். பொட்டுத் தூக்கம் இல்லை. வகுப்பில் உட்கார்ந்தால் தலை தொங்கியது. முதல் தேர்வில் கோட்டை விட்டான். அடுத்ததிலும் தேறாவிட்டால் மூட்டையைக் கட்ட வேண்டியதுதான் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். அப்போதுதான் டாக்ஸி ஓட்டுகிற அண்ணன் ஒருவர் ஓர் இடம் கொடுத்தார். அறை என்றுகூடச் சொல்ல முடியாது... அரைக் கட்டில்.

பகலில் ஒருவர், ராத்திரியில் இவன். பகல்காரருக்கு பேக்கரியில் இரவு வேலை. விடிவதற்கு முன் இவன் எழுந்து, தன் விரிப்பை உருவி மடித்து வைத்துவிட்டுக் கிளம்ப வேண்டும். அவர் வந்து தன் விரிப்பைப் போட்டுப் படுப்பார். இவன் திரும்பி வருவதற்குள் போய்விடுவார். இருவரும் முகம் பார்த்ததே இல்லை.

முதல் சில வாரம் சொர்க்கம்தான். குளிரில் நடுங்கிக்கொண்டு வந்து விழுந்தால் மெத்தை வெதுவெதுப்பாக இருக்கும். இப்போதுதான் எழுந்து போயிருக்கிறார் மனுஷன் என்று நினைத்துக்கொண்டு, அடித்துப் போட்ட மாதிரி தூங்கினான்.

பிறகுதான் சந்தேகம் வந்தது. பேக்கரிக்காரர் படுத்த இடத்தில் மாவு வாசனையாவது வர வேண்டாமா? தலையணையில் வந்தது ஈரச் சுவர் வாசனை. ஒரு நாள், மடித்து வைத்த இவனுடைய விரிப்பே கட்டிலில் விரித்துக் கிடந்தது. கசங்கி... சூடாக. மறுநாள் விரிப்பைப் பையில் திணித்துக் கல்லூரிக்கே எடுத்துப் போனான். திரும்பி வந்தால், வெறும் மெத்தையில் ஆள் படுத்த பள்ளம். தொட்டான். அதுவும் சூடு.

கோபம் ஒரு பக்கம், கட்டில் பறிபோய்விடுமோ என்ற பயம் ஒரு பக்கம். டாக்ஸி அண்ணனிடம் போய் நின்றான்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. பகல்ல வர்றவரு என் சாமானையெல்லாம் எடுத்துப் பொழங்கறாரு."

அண்ணன் இவனையே பார்த்தார்.

"அவன் காலி பண்ணிட்டுப் போய் ஒரு மாசம் ஆகப்போகுதேப்பா. பகலுக்கு இன்னும் ஆள் கிடைக்கல."

புளுகுகிறார் என்றுதான் தோன்றியது. திருட்டுத்தனமாக வேறு யாரையோ உள்ளே விடுகிறார். இல்லையென்றால் போன ஆள் சாவியைத் திருப்பித் தரவில்லை. இரண்டில் ஒன்று. மறுநாள் தேர்வு. புத்தகத்தைத் திறந்தால் ஓர் எழுத்தும் ஏறவில்லை. மூடி வைத்துவிட்டு நேரே பேக்கரிக்குப் போனான்.

பின்வாசலில் மாவுக் கையோடு வந்து நின்றார் அவர். நம் பாஷைக்காரர்தான். இவன் யார் என்று தெரிந்ததும் முகம் கடுகடுத்தது.

"ஓ, நீதானா அது? ராத்திரி பூரா நின்னு வேலை பாத்துட்டு வர்றவனுக்கு இடம் விடணும்னு தோணாதா உனக்கு?"

"நான் விடியறதுக்கு முன்னாடியே கிளம்பிடுவேனே..."

"யாருகிட்ட கதை விடறே? தினம் நான் வரும்போது சுவத்தைப் பாத்துத் திரும்பிப் படுத்திருப்பே. எழுப்பினாலும் அசைய மாட்டே. படிக்கிற புள்ளதானேன்னு நானும் ஓரமா ஒண்டிக்கிட்டேன். எத்தனை நாளைக்கு முடியும்? அதான் சாவிய அண்ணன் கையில குடுத்துட்டு வந்துட்டேன்."

தினமும் இவனும் கட்டிலின் ஓரத்தில்தான் கண் விழித்திருக்கிறான்... கீழே விழப் போகிற மாதிரி. மெத்தை சரிவு என்று நினைத்திருந்தான்.

சீனியருக்குப் போன் போட்டான். அவன் ஊரில் இல்லை. வெளியே எலும்பைக் கடிக்கிற குளிர். விடிந்தால் தேர்வு, தூங்காமல் போனால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். அதே சாலையில் நடந்தான். அழுதுகொண்டேதான் நடந்தான்.

கதவைத் திறந்தான். விளக்கைப் போடவில்லை. போட்டால் பார்க்க வேண்டியிருக்குமே. ஷூவைக் கழற்றிவிட்டுக் கட்டிலருகே நின்றான். ரொம்ப நேரம் நின்றான். அப்புறம், ரயிலில் இடம் கேட்கிற மாதிரி... மெதுவாகக் கேட்டான்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க."

கட்டில் ஸ்பிரிங் ஒரு தரம் கிறீச்சிட்டது.

கையை நீட்டித் தடவிப் பார்த்தான். ஓர் ஆள் படுக்கிற அளவுக்கு இடம் இருந்தது. சூடாக.