விஸ்வநத்தம் காட்டு விரியன்

சங்கு ஊதுது. ஓடுறோம். நான், என் பொண்டாட்டி செல்லத்தாயி, தம்பி முருகேசன். பின்னால பட்டாசு ஆபீஸ் ஆளுக அம்புட்டுப் பேரும். வாட்ச்மேன் தொண்டை கிழியக் கத்துறாரு.

"பிளேன் வருதாம்! குடோன விட்டுத் தள்ளி ஓடுங்க!"

அறுபத்தஞ்சு செப்டம்பர். புரட்டாசி பிறக்க நாலு நாள் கிடக்கு. வடக்க சண்டை. எங்களுக்கு ஒரே பயந்தான். வெடிமருந்து ரூம் மேல ஒத்தக் குண்டு விழுந்தா ஊரே கரி. அதான் விஸ்வநத்தத்துக்கு மேற்க, முள்ளுக்காட்டுல போய்க் கிடந்தோம். வேல மரத்துல சாக்கைக் கட்டி நிழல். ரெண்டு நாள் ஆச்சு. ஒரு பிளேனும் வரல. வெயிலு. எறும்பு. எரிச்சல்னா எரிச்சல். "திரும்பிருவோம்ணே"ன்னான் தம்பி. நாந்தான் இன்னும் ஒரு நாள் பொறுன்னேன்.

மூணாம் நாள். காலை ஏழு மணி. நல்ல வெளிச்சம். தம்பி படுத்திருந்த சாக்கை எடுத்து உதறுறான். புஸ்ஸுன்னு சத்தம். கொல்லன் துருத்தி மாதிரி, விடாம. கண்ணாடி விரியன். கை மொத்தம்.

அடுப்புக்குழி வெட்டின மம்பட்டி பக்கத்துலயே கிடந்துச்சு. எடுத்து ஓங்கிட்டான். கீள சரளைக்கல்லு. நான் கத்துறேன்.

"இரும்ப ஓங்காதலே! பொறி பறக்கும்! கீள போடு!"

மருந்து ரூம்ல பதினோரு வருசமா கத்துற கத்து அது. உள்ள பாம்பு வந்தாலும் அடிக்கக் கூடாது. இரும்பு கல்லுல பட்டாப் பொறி. பொறி பட்டாப் பொணம். அவனும் அதே ரூம்ல வேலை பாத்தவன். கத்தின உடனே கை தானா இறங்கிட்டு. மம்பட்டியப் போட்டுட்டு என்னையத் திரும்பிப் பாத்தான். அந்த நேரத்துல விரியன் அவன் கெண்டைக்கால்ல கொத்திருச்சு.

என்னையத்தான் சொல்லணும். அட கூறுகெட்டவனே! அங்கன ஏதுடா மருந்து? வெறுங்காடு! எத்தனை பொறி பறந்தா என்ன?

வேட்டியக் கிழிச்சுக் கட்டினோம். மாட்டுவண்டி கிடைக்க ஒரு மணி நேரம். ஆஸ்பத்திரிக்குப் போற வழியிலேயே பல் ஈறுல ரத்தம் கசியுது. "அண்ணே, நான் உடனே கீள போட்டுட்டேன்ல?"ன்னு கேக்கான். ஆமாடான்னேன். அந்தியில உயிர் போயிட்டு.

கேட்டுக்கோங்க. எங்க ஊர்மேல விழுந்த குண்டு ஒண்ணுமில்ல. வந்த பிளேன் ஒண்ணுமில்ல. மருந்து ரூம்ல ஒரு ஓடு உடையல. செத்தது ஒரு ஆள். முருகேசன், வயசு இருவத்தாறு. விரியன் கொன்னுச்சுன்னு ஊரு சொல்லுது. ஓங்கின கையை இறக்க வச்சது நான்.