மண் காயட்டும்

செடி வளர்ப்பது எனக்குப் பழக்கமே இல்லை, ஐயா. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துகிற வேலை என்னுடையது. ஒரு விரல்ரேகை பட்டிருந்தாலும் எனக்கு மனசு ஒப்பாது. அப்படிப்பட்டவள் மண்ணில் கை வைத்ததே அக்கா படுத்த படுக்கையான பிறகுதான்.

பச்சை மணிகளைக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி தொட்டியிலிருந்து கீழே வழியும் செடி அது. அக்கா வாங்கியது. பக்கவாதம் வந்து அவளுக்கு வலப்பக்கமும் பேச்சும் போனபோது, இதுவாவது வாடாமல் இருக்கட்டும் என்று காலையும் மாலையும் தண்ணீர் ஊற்றினேன். மூன்றே வாரத்தில் மணிகள் கொழகொழத்து உதிர்ந்தன. செடிக் கடைக்காரரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் தொட்டியைக் கவிழ்த்து, கறுத்துப்போன வேரைக் காட்டினார்.

“தண்ணி இல்லாம இது சீக்கிரம் சாகாதும்மா. எல்லாரும் ஊத்தி ஊத்தித்தான் சாகடிக்கிறாங்க. மண்ணு நல்லா காயட்டும். மணி லேசா சுருங்கினா மட்டும் ஊத்துங்க.”

அழுகிய தண்டுகளை வெறும் விரலால் கிள்ளி எடுத்தேன். அருவருப்பே தோன்றவில்லை. நல்ல கொடிகளை வெட்டி, மணல் கலந்த புது மண்ணின் மேல் சுருட்டி வைத்தேன். நல்ல வெளிச்சம் வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். வெளிச்சம் வரும் ஜன்னல் வீட்டில் ஒன்றுதான். அதன் கீழே அக்காவின் கட்டில் கிடந்தது. அவளைச் சாமான் அறைக்கு மாற்றினேன். யாருக்கு எது தேவையோ அதைத்தானே கொடுக்க வேண்டும்.

அந்த அறையின் நாற்றத்தை நீங்கள் அனுபவித்ததில்லை. விரிப்பை மாற்றி நிமிர்வதற்குள் மறுபடி நனைத்திருப்பாள். கடைவாய் எச்சில் வழிந்து கழுத்து மடிப்பில் பிசுபிசுக்கும். துடைத்தால் என் நகக்கண்ணில் ஏறிக்கொள்ளும். கடையில் மூன்று தடவை சோப்புப் போட்டுக் கழுவினாலும் லென்ஸில் அவள் வாடைதான் அடித்தது. அம்மா போனபிறகு என்னைக் குளிப்பாட்டி, தலைவாரி ஆளாக்கியவள் அவள். நான் மறுக்கவில்லை. ஆனால் குமட்டலுக்கு நன்றியெல்லாம் தெரியாது, ஐயா.

உள்ளே போனால்தானே வெளியே வரும். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இது தோன்றியது. ஒரு நாளைக்கு நாலு தம்ளர் தண்ணீர் என்றிருந்ததை இரண்டாக்கினேன். அடுத்த வாரம் ஒன்று. பிறகு உதடு நனையும் அளவுக்கு. விரிப்பு காய்ந்து கிடந்தது. வீட்டில் வாடை போயிற்று. வாரம் ஒருமுறை வருகிற நர்ஸ் அவள் கைத்தோலைக் கிள்ளிப் பார்த்தார். கிள்ளிய மடிப்பு அப்படியே நின்றது.

“தண்ணி ஒழுங்கா குடுக்கறீங்களா?”

“கேக்கும்போதெல்லாம் குடுக்கறேன்.”

அக்காவால்தான் கேட்க முடியாதே. அதனால் அது பொய்யில்லை. இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள், அவ்வளவுதான். இரண்டு நாளில் அதையும் விட்டுவிட்டாள்.

கொன்றாயா என்று கேட்கிறீர்கள். தண்ணீரை நிறுத்தியது நான்தான். எதனால் செத்தாள் என்பதிலும் எனக்குச் சந்தேகம் இல்லை. எழுதிக்கொள்ளுங்கள்.

ஆனால் அவளை நான் கவனிக்கவே இல்லை என்று மட்டும் எழுதாதீர்கள். கடைசி நாள் காலையில் செடியில் புதுக் கொடி ஓடியிருந்தது. சந்தோஷப்படுவாளே என்று தொட்டியை அவள் முகத்தருகே கொண்டுபோய்க் காட்டினேன். வெகுநேரம் பார்த்தாள். பிறகு அந்த இடது கை எழும்பி, ஒரு கொடியை அப்படியே உருவி வாயில் திணித்துக்கொண்டது. மென்றாள். பச்சை நீர் தாடையில் வழிந்தது. நான் அவள் வாயைப் பிளந்து, விரலை விட்டு, நாக்கின் அடியில் ஒட்டியிருந்த மணிவரைக்கும் ஒன்றுவிடாமல் தோண்டி எடுத்தேன்.

அந்தச் செடி வயிற்றுக்கு ஆகாது, ஐயா. தெரிந்தே எப்படித் தின்னவிடுவேன்?