நிலாவைச் சுற்றிக் கறுப்பு

அந்தப் படத்தை நான் வீட்டுக்குத் தூக்கிவந்தது அதன் சட்டத்துக்காகத்தான். வைரமான மரம். கவுன்சில் லொறி அள்ளிப்போகட்டும் என்று நாங்கள் இருக்கிற டூங்கபியில் சனங்கள் பழைய சாமான்களை வாசல் புல்லில் போட்டிருந்தார்கள். படத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, சட்டத்துக்குள் எங்கள் கலியாணப் படத்தைப் போடுவதுதான் என் எண்ணம்.

என் மனுசி சிவனேஸ்வரி விடவில்லை. ஹோலில், தன் கதிரைக்கு எதிரே கொழுவச் சொன்னாள்.

ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு கடற்கரை. வானம், பாறை, தண்ணீர் எல்லாம் கறுப்பு. முகில் கிழிந்த இடத்தில் ஒரு நிலா. கரையில் ஒருவன் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

பின்னேரமானால் தேத்தண்ணியோடு அதன் முன்னால் இருந்துவிடுவாள். நான் வந்தாலும் தலை திரும்பாது.

"ஆரடி அவன்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கென்ன விசரே? நான் வெளிச்சத்தையெல்லோ பாக்கிறன்," என்று சிரித்தாள்.

நான் நம்பவில்லை. எவரையும் நம்புகிறவன் இல்லை நான். உங்களுக்கு மொழிபெயர்க்கிற இந்தப் பிள்ளையையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கட்டிய நாளிலிருந்து அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

மகள் தர்சினி படித்தவள். அவள்தான் விளக்கம் சொன்னாள். "நிலாவுக்குப் பூசினது கொஞ்ச வெள்ளைதானப்பா. சுத்திவர இருட்டாக்கினபடியாத்தான் அது அப்பிடி எரியுது. டிரிக் அவ்வளவுதான்."

பள்ளிக்கூடம் அதிகம் காணாத எனக்கும் அது விளங்கியது.

சிவனேஸ்வரிக்குக் கண்ணில் பிரஷர். மருந்து விடாவிட்டால் பார்வை ஓரத்திலிருந்து இருட்டிக்கொண்டு வரும், நடுவில் உள்ளது கடைசியில் போகும், போனால் திரும்பாது என்று டொக்டர் சொன்னார். அவளுக்குக் கை நடுங்கும். ஆகவே மருந்து விடுவது என் வேலை. ஒருநாளும் தவறவிட்டதில்லை. கோயிலுக்குப் போனாலும் போத்தல் என் சட்டைப் பையில் இருக்கும். பக்கத்து வீட்டு விஜயாவைக் கேட்டுப் பாருங்கள். "அன்ரி, அங்கிளைப்போல ஒராள் கிடைக்கக் குடுத்து வைக்கவேணும்" என்று சொன்னவள்.

சிவனேஸ்வரி தலையைச் சாய்த்து, கண்ணை விரித்துக் காத்திருப்பாள். துளி விழுந்ததும், "இப்ப எரியிறேல்லையப்பா" என்பாள்.

எரியாது. அது தண்ணீர். மருந்தை சிங்கில் ஊற்றிவிட்டேன். தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டுத்தான் நிரப்பினேன். கண்ணில் கிருமி பிடிக்கக்கூடாது அல்லவா.

முதலில் பாறைகள் போயின. "படம் சின்னனாப் போச்சோ?" என்று கேட்டாள்.

"படம் அப்பிடியேதான் கிடக்கு," என்றேன். அது பொய் இல்லை.

பிறகு கரையில் நின்றவன் போனான். நிலா மட்டும் கனநாள் கிடந்தது. ஒரு பின்னேரம், "நிலாவைக் கழட்டிப்போட்டியளோ?" என்றாள். அழவில்லை, பகிடியாகத்தான் கேட்டாள்.

தர்சினி போத்தலைத் தூக்கிக்கொண்டு பொலிசென்று உங்களிடம் வந்தது சரி. செய்தது நான்தான். நான் மறுக்கவில்லை.

ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவளுக்கு நிலாவும் போன பிறகு படத்தைக் கழற்றிப் புல்லில் போட்டேன். அவளுக்குச் சொல்லவில்லை. அந்த ஆணிக்குக் கீழே என் கதிரையை இழுத்துப் போட்டேன். அவள் சுவரைத் தடவிக்கொண்டு வந்து, தன் பழைய இடத்தில் இருந்து, முகத்தை நிமிர்த்தி இந்தப் பக்கமே வைத்திருப்பாள். நான் மூச்சுக் காட்டாமல் இருப்பேன். சில வேளை சிரிப்பாள்.

பின்னேரம் முழுக்க அவள் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.