எவரிஸ்டோவுக்கு ஒரு பதவி

"அலோ... ஆமா, எவரிஸ்டோதான்... யாரு?... டான் அபெலார்டோவா! சொல்லுங்க, சொல்லுங்க... வீட்ல இல்லை, கடைவாசல்ல டாமினோ ஆடிட்டிருக்கேன்... ஒரு நிமிஷம். டேய் சீக்கோ, பாட்டைக் குறைடா! பேஸ்பால் டீம் முதலாளி பேசறாரு... ஆ, இப்ப சொல்லுங்க."

எவரிஸ்டோ கையிலிருந்த கட்டைகளைக் கவிழ்த்து வைத்தார்.

"ஆமா, ஆமா, கேள்விப்பட்டேன். ஆட்டத்தை நடத்தற அந்த அமெரிக்காக்கார மேனேஜரை வேலையை விட்டு அனுப்பிட்டீங்களாமே. கிறிஸ்துமஸ் பன்றிக்கறி வரைக்குமாவது விட்டு வெச்சிருக்கலாம், பாவம்... யாரு?... நானா?... மேனேஜரா?... சிரிக்கலை டான் அபெலார்டோ, இருமினேன்."

அவர் எழுந்து சாலையோரம் போய் நின்றார்.

"கேக்கறேன்னு கோவிச்சுக்காதீங்க. உங்க டீமுக்குக் குந்தி உக்காந்து பந்து பிடிச்சுப் பிடிச்சே என் முட்டி ரெண்டும் போச்சு. ஆட்டத்தை விட்ட நாள்லேர்ந்து இந்த வேலையைத்தான் கேட்டேன். வருஷா வருஷம் 'பாக்கலாம், பாக்கலாம்'ன்னீங்க. இன்னிக்கு நீங்களே கூப்பிடறீங்க. ஏன்?... அனுபவமா? போன வருஷமும் அது எங்கிட்டதானே இருந்துது... சரி, சரி... ம்... அரங்கம் காலியாக் கிடக்கு, தெரியும். என் மூஞ்சியைப் பாக்கவா டிக்கெட் வாங்குவாங்க?... அப்ப யாரைப் பாக்க?... சுத்தி வளைக்காதீங்க... ஹான்செலா? அமெரிக்கால பந்து வீசற என் பையனா?"

டாமினோ மேசையிலிருந்தே சீக்கோ நிமிர்ந்து பார்த்தான்.

"அவன் முழங்கைல ஆபரேஷன் தழும்பு இன்னும் சிவப்பு மாறலை. அமெரிக்கால அவன் டீம் டாக்டர், குளிர்காலம் முழுக்கப் பந்து வீசவே கூடாதுன்னுட்டார்... தெரியுமா? தெரிஞ்சுமா?... என்னது, நீங்க கேக்கலையா?... அவனேவா வந்தான்? எப்ப?... நேத்தா? பல்லு பிடுங்கப் போறேன்னுல்ல எங்கிட்ட சொன்னான்... என்ன சொன்னான்? அவன் வாயால சொன்னதை அப்படியே சொல்லுங்க."

போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"'அப்பாவை மேனேஜராக்குங்க, நான் வீசறேன்'... அப்படியா சொன்னான்... வலிக்கலைன்னானா?... ஓ... அப்பனே மேனேஜர்னா அமெரிக்காக்காரங்களும் அவனை வீச விட ஒத்துக்குவாங்கன்னு கணக்கு போட்டீங்க. பெத்தவனே பையன் கையை ஒடிப்பானான்னு... இல்லை, கோவமில்லை... இருக்கேன், லைன்லதான் இருக்கேன்."

ஒரு மோட்டார் சைக்கிள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போனது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"சரி. எடுத்துக்கறேன்... ஆமாங்கறேனே! ஒண்ணே ஒண்ணு. ரேடியோவுக்குச் சொல்லிட்டீங்களா?... சொல்லியாச்சா? எங்கிட்ட கேக்கறதுக்கு முன்னாடியேவா? பலே ஆள் நீங்க... இருக்கட்டும், நல்லதாப் போச்சு. யாரை இறக்கறது, யாரை உக்காரவைக்கிறது, எல்லாம் மேனேஜர் முடிவுதானே?... தலையிட மாட்டீங்களே?... சத்தியமா?... சந்தோஷம். அப்ப கேட்டுக்கங்க. ஹான்செல் வரட்டும். சீசன் முடியற வரைக்கும் என் பக்கத்துல பெஞ்சுல உக்காந்து சூரியகாந்தி விதை கொறிக்கட்டும். பந்து அவன் கைக்குப் போகாது... கத்தாதீங்க, காது நல்லாவே கேக்குது... என்னைத் தூக்கிடுவீங்களா? தூக்குங்க. நான் இல்லைன்னா அவனும் வரமாட்டான், அவன் பேசின பேச்சே அதுதானே... ம்... ம்... நாளைக்கேவா?... சரி, நாளைக்கே தூக்குங்க. ரேடியோலயே சொல்லிட்டீங்களே, இன்னிக்கு சாயங்கால ஆட்டத்துக்கு நான்தானே மேனேஜர்?... டான் அபெலார்டோ?... இன்னிக்கு ஒரு ஆட்டம்... அலோ?... அலோ?"