ஊசிக் காதில் நின்ற துளி

தையல் மெசின் ஊசியின் காதில் ஒரு சின்னத் துளி விழாமல் நிற்கும், சேர். மெசினுக்கு எண்ணெய் விடும்போது கண்டதாக மெற்றில்டாதான் எனக்குச் சொன்னாள்.

வெள்ளவத்தை மாலை வகுப்பில் எனக்குப் பக்கத்தில் இருப்பாள். கொட்டாஞ்சேனையில் ஒரு தையற்கடையில் வேலை. நான் இரத்தப் பரிசோதனைக் கூடமொன்றில் உதவியாளன். கண்ணாடித் தகட்டில் பல புரதங்களைப் புள்ளி புள்ளியாக வைத்தால், ஒரு சொட்டு இரத்தத்தில் பல நோய்களைப் பார்க்கலாம். புள்ளி வைக்கும் இயந்திரம் எங்களுக்கு எட்டாத விலை. அவள் தந்த ஊசிகளை ஒரு கட்டையில் பொருத்தி, புரதத்தில் தோய்த்துத் தகட்டில் புள்ளி வைத்துப் பார்த்தேன். நாள் முழுவதும் இழுத்த வேலை தேநீர் ஆறுமுன் முடிந்தது.

"அப்ப எனக்கும் ஒருக்கா பாருமன்," என்றாள். "கன்னமெல்லாம் சிவக்குது. நான் ஆரையோ விரும்புறன் எண்டு அம்மா நினைக்கிறா."

பார்த்தேன். அவள் இரத்தம் பட்ட புள்ளிகள் பளிச்சென்று ஒளிர்ந்தன. லூபஸ். உடம்பு தன்னையே பகையென்று தாக்கும் நோய். சிறுநீரகம் கெடுமுன் மருந்து தொடங்கினால் பிழைக்கலாம்.

புதிதாகச் செய்யும் தகடுகளைச் சரிபார்க்க, அந்த நோய் உள்ள ஒருவரின் இரத்தம் வேண்டும். வெளிநாட்டிலிருந்து வரவேண்டியது, போரால் விமான நிலையத்தை இரவில் மூடிவைத்த அந்த மாதங்களில் வரவில்லை. மருந்து எடுத்தால் அவள் இரத்தத்தில் அந்த ஒளி மங்கிவிடும், தகடுகளுக்கு உதவாது. என்னில் எனக்கு நம்பிக்கை குறைவு, இன்னொருமுறை பரிசோதித்தேன். அதே ஒளிதான். பிறகு சொன்னேன்: "பயப்பிட ஒண்டுமில்லை. இரத்தம் குறைவு. கிழமைக்கொருக்கா வாரும்."

வந்தாள். சோதனைச் சாவடிகளில் பஸ்ஸால் இறங்கி ஏறி, செருப்புக்குள் அடங்காத வீங்கிய கால்களோடு வந்தாள். "நீர் பாக்கிறதால எனக்குப் பயமில்லை," என்று கையை நீட்டுவாள். ஊசி நோகாமல் குத்துவேன். அந்தத் தகடுகளால் கிராண்ட்பாஸிலிருந்து வந்த நளீபா என்ற பெண்ணுக்கு நேரத்தோடு நோய் தெரிந்தது. இப்போது சுகமாக இருக்கிறாள். அதையும் நீங்கள் என் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ள வேண்டும்.

மெற்றில்டாவின் அடக்கம் முடிந்து வரும்போது அவளுடைய அம்மா என் கையைப் பிடித்தார். "அவள் உம்மைத்தான் விரும்பினவள், தம்பி."

எனக்குத் தெரியாது என்று சொல்லலாம். தெரியும்.

ஓம் சேர், தெரிந்துகொண்டுதான் அவளைச் சாகவிட்டேன். ஒன்று மட்டும் கேட்கிறேன். குளிர்பெட்டியில் அவளிடம் கடைசியாக எடுத்த இரத்தம் ஒரு குழாயில் இருக்கிறது. கரண்ட் போகாமல் பார்க்கச் சொல்லுங்கள். அவளை நான் கவனமாகத்தான் வைத்திருந்தேன்.