மேட்டில் நின்ற வண்டியும் எலுமிச்சைச் சட்டமும்

அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் பெருந்தகை வெர்னன் அவர்களே, மலையிறங்கி வந்திருக்கும் மூத்த தேனீ வளர்ப்பாளர்களே, பீச் பழம் வைத்துப் பை என்னும் பலகாரம் சுட்டு மண்டபத்தையே மணக்க வைத்த தாய்மார்களே, போர்ட்டர்வில் எலுமிச்சைத் தோட்டக்காரர்களே! கடைசியில் சொன்னவர்கள் கோபிக்கக் கூடாது. ஓயாமல் பழுதாகும் வண்டிக்கும், அதை வாங்கியவரைக் காக்கும் சட்டத்துக்கும் உங்கள் கனியின் பெயரைச் சூட்டியது நானல்ல, இந்த நாடு!

முன்வரிசையில் வெட்கத்தில் முகம் சிவந்து அமர்ந்திருக்கிறாரே லோர்னா ஹாஸ்கெட், அவர் சென்ற ஆண்டு புதிய பிக்கப் வண்டி வாங்கினார். வண்டியா அது? வண்ணத்தில் வானம், வடிவத்தில் யானை! ஆனால் தேனீப் பெட்டிகளை ஏற்றி ஸ்பிரிங்வில் மேட்டில் ஏறினால், நடுச்சாலையில் நின்றுவிடும். ஒருநாள் பின்னால் வந்த மரம் ஏற்றிய லாரி, ஒரு சாண் இடைவெளியில் விலகிப் போனது.

மூன்று முறை பணிமனைக்குப் போனார். மூன்று முறையும் மேலாளர் டேல் விட்கம், குறையில்லை என்று எழுதித் தந்தார். எப்படித் தெரியும் குறை? வெறும் வண்டியைச் சமதரையில் அல்லவா ஓட்டினார்கள்!

யார் தலையிலாவது கட்டிவிடு என்றோம் நாங்கள். ஆம் ரஸ்ஸல், நீங்களும்தான் சொன்னீர்கள், சிரிக்காதீர்கள். லோர்னா கேட்டார்:

“வித்துட்டா அதே மேட்டுல இன்னொருத்தன் நிப்பான். அவன் பின்னாடியும் லாரி வரும்ல?”



நான்காம் முறை, பெட்டிகளோடு பணிமனைக்கே போய்ச் சாவியை நீட்டினார்.

“நீங்களே ஓட்டுங்க டேல். நான் பக்கத்துல உக்காந்துக்கறேன்.”

“பெட்டில தேனீ இருக்கா?”

“இருக்கு. உங்கள விட அமைதியாத்தான் இருக்கு.”

மேட்டின் மூன்றாம் வளைவில் வண்டி நின்றது.  டேல் வியர்வையைத் துடைத்துக்கொண்டார்.

“இத நான் எழுதினா முதலாளி என்னை விடமாட்டார், லோர்னா.”

“கண்ணால பாத்தத மட்டும் எழுதுங்க. அது போதும்.”

எழுதினார்! ‘நானே ஓட்டினேன். மேட்டில் நின்றது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். பலமுறை காட்டியும் பழுது தீராத வண்டியைத் தயாரித்தவரே திருப்பி எடுக்க வேண்டும் என்பதுதான் எலுமிச்சைச் சட்டம். அந்தத் தாளையும் பழைய மூன்று தாள்களையும் லோர்னாவின் வக்கீல் அனுப்ப, ஏழே வாரத்தில் தயாரித்த நிறுவனம் வண்டியைத் திருப்பி எடுத்துக்கொண்டது. மாற்று வண்டி தந்தது. பணிமனை முதலாளி முதலில் டேலை முறைத்தார். பிறகு அவரே, மேடு பற்றிய புகாரென்றால் பாரம் ஏற்றி மேட்டிலேயே ஓட்டிப் பாருங்கள் என்று உத்தரவிட்டார்.

தோழர்களே, சட்டம் புத்தகத்தில் உறங்கலாம். அதை எழுப்புவது எது? கூச்சலா? கண்ணீரா? இல்லை. ஒவ்வொரு முறையும் கேட்டு வாங்கிய தாள்! உண்மையை எழுதத் துணிந்த கை! வண்டி நின்றால் நீங்கள் நிற்காதீர்கள். எழுதி வாங்குங்கள், பத்திரப்படுத்துங்கள், உரிமையைக் கேளுங்கள்!

கைதட்டல் லோர்னாவுக்கு மட்டும் போதாது. கதவோரம் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறாரே, அவர்தான் டேல். லோர்னா அழைத்துத்தான் வந்திருக்கிறார். பாருங்கள், தன் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போடுகிறார் லோர்னா. வாருங்கள் டேல், உட்காருங்கள்.

பொறுமையோடு கேட்ட உங்கள் அனைவருக்கும் என் நன்றி, என் வணக்கம். பீச் பை ஆறுவதற்குள் மேடையை விட்டு இறங்கிக்கொள்கிறேன்.