பெரிய வாகனங்களுக்கு ஏற்ற பாதை

"இது ரோடா? சந்துய்யா, சந்து. எங்க மதில உரசிக்கிட்டு—"

"சந்துன்னு எனக்குத் தெரியாதுங்க ஐயா, போன்ல பெரிய ரோடுன்னு—"

"போன் சொன்னா கண்டி வாவிக்குள்ளயும் விடுவியா?"

"கோவப்படாதீங்க, பின்னுக்கு எடுத்துர்றேன். அந்தப் பூச்சட்டிய மட்டும் கொஞ்சம்—"

"சட்டியில கைய வச்சுப் பாரு."

அந்த நேரம் நான் அடுப்பில் தண்ணீர் கொதிக்க வைத்திருந்தேன், தம்பி. எங்கள் அம்பிட்டிய சந்துக்குள் லொறி வந்து சிக்கினால், டிரைவருக்கு ஒரு பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொடுப்பது என் வழக்கம். சத்தம் போட்டவர் மேல்வீட்டு சேதுராமன் ஐயா. பொறுமையாகப் பேசியவர் நிரஞ்சன், நீங்கள் ஸ்டேஷனில் அடைத்து வைத்திருக்கிற புசல்லாவைப் பிள்ளை. அவரை விட்டுவிடுங்கள். அவரைச் சந்துக்குள் கொண்டுவந்தது நான்.

ஆறுதலாகச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள்.

என் மகள் சஞ்சீவனிக்கு வயது முப்பத்தைந்து. தரகர் கொண்டுவந்த கடைசி மாப்பிள்ளைக்குப் பொருத்தமெல்லாம் இருந்தது. பெண் பார்க்க வந்த அன்று, வேனிலிருந்து இறங்கச் சுணங்கிய தன் தாயை எங்கள் கேட்டடியில் வைத்தே "சனியன்" என்றார். ஜாதகத்தில் அது எந்தக் கட்டத்திலும் இல்லை.

அதற்குப் பிறகுதான் கலகெதரவிலிருந்து ஓடு ஏற்றிய லொறி ஒன்று வழி தவறி வந்தது. எங்கள் சந்து மேலே ஒரு பலா மரத்தோடு முடிந்துவிடும். திருப்ப இடமில்லை, வந்த வழியே வளைந்து வளைந்து பின்னுக்குத்தான் இறங்க வேண்டும். அந்த டிரைவருக்குப் பெயர் அழகர். கிளீனரை ஒரு வார்த்தை ஏசவில்லை. என் ரோசாச் சட்டியைத் தூக்கி ஓரமாக வைத்தார், லொறியைக் கீழே இறக்கினார், மறுபடி மேடேறி நடந்து வந்து சட்டியை இருந்த இடத்திலேயே வைத்தார்.

"கல்யாணம் ஆயிடுச்சா தம்பி?" என்று கேட்டேன்.

"ரெண்டு புள்ளைங்க இருக்காங்கம்மா."

போகட்டும். ஆனால் எனக்கு ஒன்று விளங்கிவிட்டது. ஒரு ஆணின் குணம் தெரிய வேண்டுமானால், பெரிய வண்டியோடு அவனைச் சின்னச் சந்துக்குள் விட்டுவிட்டு, பின்னுக்கு எடுக்கச் சொல்லிப் பார்க்க வேண்டும்.

லொறிக்காரர்கள் பாவிக்கிற வழிகாட்டி ஆப் ஒன்று இருக்கிறது. வண்டியின் அகலம், உயரம், பாரம் எல்லாம் கொடுத்தால் அதற்கேற்ற பாதையைக் காட்டும். பிழை இருந்தால் ஊர்க்காரர் திருத்தலாம். நான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திருத்தினேன். எங்கள் சந்து கொள்கலன் லொறிக்கும் ஏற்றது என்று போட்டேன். பலா மரத்தை ஊடறுத்துத் தலாத்துஓயா பாதை வரை ஒரு கோடு இழுத்தேன். இன்னொருவரும் உறுதிப்படுத்த வேண்டுமென்று கேட்டது. சேதுராமன் ஐயாவின் பெயரில் ஒரு கணக்குத் திறந்து நானே உறுதிப்படுத்தினேன். 'நம்பகமான வழிகாட்டி' என்று எனக்கு ஒரு பதக்கம்கூட வந்தது.

லொறிகளும் வந்தன. கிளீனரைக் கைநீட்டி அடித்தவர்கள் உண்டு. ஹோர்னிலிருந்து கையை எடுக்காதவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேத்தண்ணீர் கிடையாது. மதில்கள் கொஞ்சம் போயின, லைட் போஸ்ட் ஒன்று சாய்ந்தது. சேதுராமன் ஐயா முறைப்பாட்டுக் கடிதத்தோடு கந்தோர் கந்தோராக, ஒரு அலுவலகம் விடாமல் ஏறி இறங்கினார். வேலை விட்டு வரும் சஞ்சீவனி, லொறிக்கும் மதிலுக்கும் நடுவில் பக்கவாட்டில் ஒடுங்கி நடந்து வருவாள்.

"ஊர்ல இருக்கிற லொறியெல்லாம் நம்ம சந்துக்கே ஏம்மா வருது?"

"காலம் அப்படி. முகத்தக் கழுவிட்டு இந்தத் தேத்தண்ணிய அவருக்குக் குடு."

நிரஞ்சன் வந்த அன்று, தன் பூச்சட்டிக்காகச் சண்டை பிடித்துக்கொண்டிருந்த ஐயா நெஞ்சைப் பொத்திக்கொண்டு மதிலோரம் உட்கார்ந்துவிட்டார். சஞ்சீவனி அம்பியூலன்சுக்குப் போன் அடித்தாள். அது வந்து சந்தின் அடியில் நின்றது. நடுவில் நிரஞ்சனின் சீமெந்து லொறி, ஒரு டயர் ஓரத்துச் சாக்கடைக் கானுக்குள். நிரஞ்சன் குனிந்தார். ஐயாவைத் தோளில் போட்டுக்கொண்டு அந்த இடுக்கால் இறங்கினார். சட்டை கிழிந்தது, முழங்கை தோலுரிந்து ரத்தம் வந்தது. ஐயாவின் தலை மதிலில் இடிபடாதபடி ஒரு கையால் பொத்திப் பிடித்திருந்தார்.

நான் கோப்பையோடு வாசலில் நின்று பார்த்தேன். இவர்தான் என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

ஐயா ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே இறந்துவிட்டார். வருத்தந்தான். ஆனாலும் அவருக்குக் கோபம் அதிகம், உடம்பு எத்தனை நாள் தாங்கும்? செத்த வீட்டுக்கு நிரஞ்சன் வந்து ஒரு மூலையில் நின்று அழுதார். அங்கே வைத்துத்தான் நீங்கள் அவரைக் கூட்டிப்போனீர்கள். போன் காட்டிய வழியில் வந்தேன் என்று அவர் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. நான் நம்பினேன்.

அன்றே சொல்லியிருப்பேன், தம்பி. ஆனால் அடைபட்டுக் கிடக்கும்போது எப்படி இருக்கிறார் என்றும் பார்க்க வேண்டியிருந்தது. நேற்று நீங்களே சொன்னீர்கள், யாரையும் குறை சொல்லாமல், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கிறார் என்று. அதற்கு மேல் என்ன வேண்டும்? தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை என்று முன்பென்றால் யோசித்திருப்பேன். இப்போது அந்தப் பேச்சே இல்லை.

ஆப்பில் நான் செய்ததையும் இவர்தான் மாப்பிள்ளை என்பதையும் சொன்ன நாளிலிருந்து சஞ்சீவனி என்னோடு பேசுவதில்லை. ஐயாவின் மனைவியோடு மேல்வீட்டிலேயே இருக்கிறாள். கூச்சம். மாப்பிள்ளை முடிவானால் பெண்பிள்ளைகள் அப்படித்தான்.

வாக்குமூலம் எழுதிய சார்ஜன் யோகராஜ் பேனையை மேசையில் வைத்துவிட்டு என்னையே பார்த்தார்.

"அம்மா, நீங்க என்னா சொல்லியிருக்கீங்கன்னு வெளங்குதா? இதுக்கு மறியலுக்குப் போகணும், ஜெயில்ல கெடக்கணும்."

"வெளங்குது தம்பி. எங்க கையெழுத்து வைக்கணும்?"

அவர் காட்டிய இடத்தில் வைத்தேன்.

"இத முழுசா அவருக்கு வாசிச்சுக் காட்டுங்க, ஒண்ணும் மறைக்க வேணாம். அப்படியே ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்க தம்பி, தை மாசம் அவருக்குத் தோதுப்படுமா?"